கடற்கரை நடைக்கு நாயும் வரலாமா?

சென்ற இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, தரங்கம்பாடிக்கும் பூம்புகாருக்கும் இடையே செம்பியோடு, கயிற்றை அவிழ்க்காமல், கரையோரமாக நடப்பதைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு நிறையக் கடிதங்கள். அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே. செம்பி யார் என்று கேட்டவர்களுக்கு: நாட்டு நாய், செம்மண் நிறம், ஒன்பது வயது. நான் அரசு கால்நடை மருத்துவமனையில் ஓய்வு பெற்ற வருடம், வாசல் படியில் குட்டியாக வந்து படுத்தவள். அன்றிலிருந்து என் காலை நடை எல்லாம் அவளோடுதான்.

எங்கள் லாப்ரடாருக்கு நான்கு வயது, 32 கிலோ. பொங்கல் விடுமுறையில் நான்கு நாள் தரங்கம்பாடியில் தங்கி, கரையோரமாக நடந்து ஊர்களைப் பார்க்க ஆசை. நாயைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வர மனமில்லை. கூட்டி வரலாமா?
– ஒரு வாசகி, ஈரோடு

கூட்டி வாருங்கள் அம்மா. ஆனால் தேதியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். காணும் பொங்கலன்று இந்தக் கரையில் கால் வைக்க இடம் இருக்காது. தை அமாவாசைக்குப் பூம்புகாரில் காவிரி கடலில் சேரும் இடத்தில் நீராட ஊர் ஊராக வந்து இறங்குவார்கள். அந்த நெரிசலில் 32 கிலோ நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நிற்பது உங்களுக்கும் பாடு, அதற்கும் பாடு. இந்த இரண்டையும் தவிர்த்து, தையின் பின்பாதியிலோ மாசி முதல் வாரத்திலோ வாருங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், காலையில் நல்ல குளிர் இருக்கும். பங்குனி பிறந்துவிட்டால் லாப்ரடார் மாதிரி அடர்ந்த ரோமம் உள்ள நாய்க்கு இந்த வெயில் தாங்காது.

நடையை விடியலில் ஐந்தரைக்குத் தொடங்குங்கள், எட்டரைக்குள் நிழலுக்கு வந்துவிடுங்கள். மறுபடி மாலை ஐந்துக்கு மேல் ஒரு சின்ன நடை. நடுப்பகல் முழுவதும் அறையில் மின்விசிறிக்குக் கீழே தூக்கம். மணல் சுடுகிறதா என்று பார்க்க உங்கள் புறங்கையை அதன் மேல் வைத்து ஏழு எண்ணுங்கள். எண்ணி முடிப்பதற்குள் கையை எடுக்கத் தோன்றினால் அந்த மணலில் நாயை நடக்கவிடக் கூடாது.

எப்போதும் அலை வந்துபோகிற ஈர மணலிலேயே நடங்கள். மேட்டு மணல் கால் புதைந்து களைப்பைக் கொடுக்கும், அதோடு அங்கே இராவணன் மீசை மண்டிக் கிடக்கும். அந்தப் புல்லின் நுனி ஊசிதான். விரலிடுக்கில் குத்திக்கொண்டு நொண்டி வந்த நாய்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். கண்ணில் பட்டுவிட்டால் இன்னும் மோசம். அறைக்குத் திரும்பியதும் நான்கு பாதங்களையும் விரித்துப் பாருங்கள், காதுக்குள் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள், நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவிவிடுங்கள்.

குடிதண்ணீரை நீங்களே சுமக்க வேண்டும். இந்த எடைக்கு நடை இல்லாத நாளிலேயே ஒன்றரை லிட்டருக்கு மேல் குடிக்கும். கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை தகரத் தட்டில் கொஞ்சம் ஊற்றிக் காட்டுங்கள். தாகம் எடுத்த நாய் கடல் தண்ணீரைக் குடித்துவிடும், முதலில் வாந்தியும் பேதியும் வரும், அதிகம் குடித்திருந்தால் உடம்பு வெட்டி வெட்டி இழுக்கும். உப்பங்கழியிலும் குட்டையிலும் வாய் வைக்க விடாதீர்கள், எலிக்காய்ச்சல் அந்த வழியாகத்தான் வரும். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே வெறிநோய், எலிக்காய்ச்சல் தடுப்பூசிகள் காலாவதி ஆகாமல் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

அப்புறம், தரங்கம்பாடியிலிருந்து பூம்புகார் வரை ஒரே மூச்சாக நடக்க வேண்டாம். ஒரு நாள் குட்டியாண்டியூர் பக்கம், ஒரு நாள் சின்னங்குடி, ஒரு நாள் வானகிரியிலிருந்து பூம்புகார் என்று துண்டு துண்டாக நடந்து, நடுவில் உள்ள தூரத்தைக் காரில் கடந்துவிடுங்கள். வழியில் ஆறும் வாய்க்காலும் கடலில் சேரும் முகத்துவாரங்கள் வரும். முழங்கால் அளவு தண்ணீர்தானே என்று தோன்றும். உள்ளே இழுப்பு இருக்கும், நேற்று இருந்த ஆழம் இன்று இருக்காது. நாயோடு அதில் இறங்கவே கூடாது. சாலைக்கு ஏறிப் பாலத்தில் சுற்றி வாருங்கள்.

கோவையிலிருந்து ரயிலில் நாயைக் கூடவே வைத்துக்கொண்டு வர முடியுமா?
– கல்லூரி மாணவர், கோவை

தம்பி, முதல் வகுப்பில் மட்டும்தான் முடியும். அதிலும் இரண்டு படுக்கை உள்ள கூப்பேயோ நான்கு படுக்கை உள்ள கேபினோ முழுவதுமாக உங்கள் பெயரில் இருக்க வேண்டும். நாய்க்குப் பார்சல் அலுவலகத்தில் தனியாகப் பதிவு செய்து பணம் கட்ட வேண்டும், தடுப்பூசிச் சான்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். படுக்கை வசதிப் பெட்டியிலும் நாற்காலிப் பெட்டியிலும் அனுமதி இல்லை. மற்றபடி உள்ள ஒரே வழி கார்டு பெட்டியில் இருக்கும் நாய்க்கூண்டு. சத்தமும் இருட்டுமாக அதில் ஓர் இரவு போக என் நாயை நான் விடமாட்டேன். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து கார் எடுத்து வாருங்கள்.

கோட்டை, கோயில் என்று பார்க்கப் போகும்போது நாயை என்ன செய்வது? காரில் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டுப் போகலாமா?
– ஒரு வாசகர், திருச்சி

கூடாது. இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். ஒரு தை மாதத்து முற்பகலில், கண்ணாடி இரண்டு விரல்கடை இறக்கியிருந்த காரிலிருந்து தூக்கி வந்த நாய் ஒன்றை என் மேசையில் கிடத்தினார்கள். அரை மணி நேரம்தான் விட்டுப் போனோம் என்றார்கள். நாக்கு கருஞ்சிவப்பாகி, கால்கள் பின்னி, கூப்பிட்டால் திரும்பாத நிலை. வயிற்றிலும் தொடையிடுக்கிலும் சாதாரணத் தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டே இருந்தோம். பிழைக்கவில்லை.

பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களுக்குள் நாயை விடமாட்டார்கள், மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்கும் அதே விதிதான். அதனால் பார்ப்பதை இரண்டு முறையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பாதிப் பேர் உள்ளே, பாதிப் பேர் நாயோடு வெளியே நிழலில், பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

தரங்கம்பாடிக்கு இந்த முறை நன்றாகவே பொருந்துகிறது, ஏனென்றால் அங்கே வெளியே நின்று பார்க்க நிறைய இருக்கிறது. தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை முழுசாகத் தெரிய வேண்டுமானால் கடற்கரையில் நிற்க வேண்டும். காலை வெயில் அந்த மஞ்சள் சுவரில் விழும்போது பாருங்கள். ராஜவீதியில் நாயோடு மெதுவாக நடந்தால் 1718-ல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம், வீதி முடிவில் 1792-ம் ஆண்டு நிலவாயில் என்கிற பழைய ஊர்வாசல் எல்லாம் வழியிலேயே வந்துவிடும். ஜெர்மானியக் கிறித்தவப் போதகர் சீகன்பால்கு 1706-ல் வந்து இறங்கியதும் இந்தக் கரையில்தான். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்து மாசிலாமணிநாதர் கோயில் அலையின் ஓரத்திலேயே நிற்கிறது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சத்தைக் காக்கக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். அந்தக் கற்களின் மேல் நாயை ஏற்றாதீர்கள், பாசி வழுக்கும், இடுக்கில் கால் மாட்டினால் எலும்பு முறியும்.

இரவில் காலாற நடக்க வேண்டும் என்றால் புதுச்சேரி கடற்கரைச் சாலை இருக்கிறது. மாலை ஆறிலிருந்து காலை ஏழரை வரை அங்கே வண்டி விடமாட்டார்கள்.

மணலில் கிடப்பதை எல்லாம் எங்கள் நாய் வாயில் போட்டுக்கொள்கிறது. கடற்கரையில் எதற்குப் பயப்பட வேண்டும்?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பேத்தை மீனுக்குத்தான் முதலில்.

இரண்டு வருடத்துக்கு முன் சின்னங்குடி பக்கம் ஒரு மார்கழி விடியல். கரைவலை இழுத்து முடித்து, விலைக்குப் போகாத மீனை மணலிலேயே தட்டிவிட்டுப் போயிருந்தார்கள். செம்பி சட்டென்று ஒன்றைக் கவ்வினாள். உள்ளங்கை அளவு, வயிறு பந்தாக உப்பி, தோல் காய்ந்து மொரமொரவென்று. கிளி அலகு மாதிரி முன்னால் துருத்திய பல்லைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. கடைவாயில் விரலை விட்டுத் தாடையைப் பிரித்து இழுத்தேன். பாதி வந்தது, மீதியும் வந்தது. கையில் வைத்து இரண்டையும் பொருத்திப் பார்த்த பிறகுதான், துண்டு எதுவும் உள்ளே போகவில்லை என்று மூச்சு வந்தது.

அந்த மீனின் ஈரலிலும் சினையிலும் தோலிலும் இருக்கும் நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. காய்ந்து போனாலும் நஞ்சு போகாது. தின்ற நாய்க்கு எச்சில் ஒழுகும், வாந்தி வரும், பின்னங்கால் துவளும், கடைசியில் மூச்சு நின்றுவிடும். தின்றதைக் கண்ணால் பார்த்திருந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் அந்த நிமிடமே மருத்துவரிடம் ஓடுங்கள்.

மற்றவை: கரை ஒதுங்கிய சொறி மீன் (ஜெல்லி மீன்) செத்துக் கிடந்தாலும் முகர்ந்தால் மூக்கு வீங்கும். கெளுத்தி முள் பாதத்தில் ஏறும். தூண்டில் முள் உதட்டில் மாட்டினால் பின்னோக்கி இழுக்காதீர்கள், விழுங்கித் தூண்டில் நரம்பு மட்டும் வெளியே தொங்கினால் அதையும் இழுக்காதீர்கள். நரம்பை ஒரு சாண் விட்டு நறுக்கிவிட்டு அப்படியே கொண்டுவாருங்கள். பந்து எறிந்து விளையாடும் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்: ஈரப் பந்தோடு மணலும் சேர்ந்து வயிற்றுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். பழைய துணியை முடிச்சுப் போட்டு எறியட்டும், அதுவும் கொஞ்ச நேரம்தான்.

மீனவர் குடியிருப்புகளைத் தாண்டும்போது அங்குள்ள நாய்கள் சூழ்ந்துகொள்ளுமே?
– ஒரு வாசகர், சிதம்பரம்

சூழத்தான் செய்யும். அது அவற்றின் ஊர், அவற்றின் படகு. இந்தக் கரையில் நாய்க்கு உள்ள உரிமை இன்று நேற்று வந்ததல்ல. புகார்த் துறைமுகத்தில் மூட்டைக் குவியல்களின் மேல் நாயும் ஆட்டுக்கடாவும் துள்ளித் திரிந்ததைச் சங்கப் புலவர் பாடி வைத்திருக்கிறார்.

நான் செய்வது இதுதான். படகுகள் கண்ணில் பட்டதுமே நின்றுவிடுவேன். வலையில் சிக்கெடுத்துக்கொண்டு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். “அண்ணே, நாய் கூட வருது, கொஞ்சம் அதட்டிக்குங்க” என்பேன். அவர்கள் ஓர் அதட்டல் போட்டால் போதும், படகடியிலிருந்து எழுந்தவை அப்படியே படுத்துவிடும். பிறகு செம்பியைக் கடல் பக்கமாக வைத்துக்கொண்டு, கயிற்றைத் தளரவிட்டு, ஓடாமல் கடந்து போவேன். காயப்போட்ட கருவாட்டுப் பக்கமும் விரித்த வலைப் பக்கமும் நாயை நெருங்க விடாதீர்கள், அது அவர்களுடைய அன்றாடச் சோறு. நாய் கழித்ததை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் கரையிலும் துறையிலும் நிற்கும், வழி இன்னும் குறுகலாகிவிடும்.

கடி பட்டுவிட்டால், மனிதருக்கானாலும் நாய்க்கானாலும் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். அன்றைக்கே ஊசி. உங்கள் நாய் முன்பே தடுப்பூசி போட்டதாக இருந்தாலும் மறுபடி போட வேண்டும்.

காலையில் ஆள் இல்லாத கரையில்கூட ஏன் கயிற்றை அவிழ்க்கக் கூடாது என்கிறீர்கள்? ஓடி விளையாடத்தானே கூட்டிப் போகிறோம்?
– ஓர் இளைஞர், சென்னை

நானும் முன்பு அவிழ்த்துத்தான் விட்டேன் தம்பி. செம்பிக்கு அப்போது இரண்டு வயது. மாசி மாதம், இருட்டு இன்னும் விலகவில்லை. அலை எட்டாத மேட்டு மணலுக்கு ஓடினாள், அடும்பங்கொடி ஓரத்தில் முன்னங்காலால் பறித்தாள். நண்டைத் தேடுகிறாள் என்று நினைத்து நின்றேன். கிட்டே போனபோது மணலில் வெள்ளை ஓடுகள், தோல் மாதிரி மெத்தென்று, மஞ்சள் கரு ஒழுகிக்கொண்டு. உடைந்தவை மட்டும் பதினேழு. கடலிலிருந்து அந்தக் குழி வரைக்கும் சின்ன டிராக்டர் ஏறிப் போனது போல ஒரு தடம் இருந்தது. அதை நான் தாண்டித்தான் வந்திருக்கிறேன், கவனிக்கவில்லை.

பங்குனி ஆமை. சனவரியிலிருந்து பங்குனி முடிய இந்தக் கரையில் இரவில் ஏறி, ஒன்றரை அடி ஆழம் தோண்டி, நூறுக்கு மேல் முட்டையிட்டு மூடிவிட்டுப் போகும். 45 முதல் 60 நாளில் குஞ்சு பொரியும். வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலில், உள்ள உயிர் அது. நாம் நாயோடு நடக்க உகந்த மாதங்களும் அது முட்டையிடும் மாதங்களும் ஒன்றே. மனிதர் கண்ணுக்குத் தெரியாத குழியை நாயின் மூக்கு கண்டுபிடித்துவிடும். சென்னையிலேயே 1988 முதல் மாணவர்கள் இரவெல்லாம் கரையில் நடந்து அந்த முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாக்கிறார்கள். அவர்கள் ஓர் இரவு முழுக்க நடந்து காப்பாற்றுவதை அவிழ்த்துவிட்ட ஒரு நாய் ஐந்து நிமிடத்தில் அழித்துவிடும்.

அந்த மாதங்களில் இரவில் நாயோடு கரைக்குப் போகாதீர்கள். விடியலில் இரண்டு மீட்டர் கயிறு, ஈர மணல், அவ்வளவுதான். தடத்தைக் கண்டால் தொடாமல் வனத்துறைக்கோ பக்கத்து மீனவர் ஊரிலோ சொல்லுங்கள். குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நகரும், அதனால் டார்ச் அடிக்காதீர்கள். ஓடி விளையாட வேண்டுமா? சவுக்குத் தோப்பு உரிமையாளரிடம் கேட்டுப் பாருங்கள். நான் அப்படிக் கேட்டதில் இதுவரை யாரும் மறுத்ததில்லை.

நான் ஆறாம் வகுப்பு. எங்கள் டாமி அலையைக் கண்டால் குரைத்துவிட்டுப் பின்னால் ஓடுகிறான். தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் விடலாமா என்று அண்ணன் கேட்கிறான்.
– நாகப்பட்டினத்திலிருந்து ஒரு மாணவி

வேண்டாம் கண்ணு, அண்ணனிடம் சொல்லிவிடு. ஒரு தடவை அப்படித் தூக்கிப் போட்டால் டாமி கடலை மட்டுமல்ல, உங்கள் அண்ணனையும் நம்பமாட்டான். அவன் எங்கே நிற்கிறானோ அங்கேயே நீயும் உட்கார். கயிற்றை இழுக்காதே. நாளைக்கு இரண்டடி முன்னால் உட்கார். செம்பிக்குப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. பன்னிரண்டாம் நாள் நுரை வந்து அவள் முன்னங்காலை நனைத்தபோது குனிந்து முகர்ந்தாள், என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள், அடுத்த அலைக்கும் அங்கேயே நின்றாள்.