சுட்டு கிடைத்தது, கணக்கு எங்கே?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் 30 விண்டோஸ் கணினிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவில் யார் இருக்கிறார்கள், அவர்களில் முடக்கப்பட்ட கணக்குகள் எவை என்று பவர்ஷெல் (விண்டோஸின் கட்டளை மொழி) மூலம் பட்டியல் எடுக்க வேண்டும். கெட்-சிம்இன்ஸ்டன்ஸ் கட்டளையால் வின்32_குரூப்யூசர் கிளாஸை (ஒரே வகைப் பதிவுகளின் தொகுப்பு) கேட்டால் பெயர்கள் வருகின்றன. ‘டிஸேபிள்டு’ பண்பு மட்டும் எப்போதும் காலியாக இருக்கிறது. ஏன்?

பதில்: நீங்கள் கேட்ட கிளாஸ் குழுவும் அல்ல, பயனரும் அல்ல, இரண்டையும் இணைக்கும் முடிச்சு. அதன் ஒவ்வொரு பதிவிலும் இரண்டே பண்புகள்: குரூப்காம்பொனன்ட், பார்ட்காம்பொனன்ட். இரண்டிலும் இருப்பவை சுட்டுகள், அதாவது குழு அல்லது கணக்கு எங்கே இருக்கிறது என்று காட்டும் முகவரிகள். அந்தச் சுட்டை முழு ஆப்ஜெக்ட் போலவே பவர்ஷெல் காட்டுவதுதான் ஏமாற்றுகிறது. உள்ளே நிரப்பப்பட்டிருப்பவை கணக்கை அடையாளம் காட்டும் பெயரும் டொமைனும் (கணக்கு எந்தக் கணினியை அல்லது அலுவலக வலையமைப்பைச் சேர்ந்தது என்பது) மட்டுமே. பிழைச் செய்தி எதுவும் வராது. காலியான பண்பை ‘முடக்கப்படவில்லை’ என்று ஸ்கிரிப்ட் எடுத்துக்கொண்டால், தவறான அறிக்கை சத்தமில்லாமல் தயாராகிவிடும்.

அந்தச் சுட்டை அப்படியே பைப் வழியாக மீண்டும் கெட்-சிம்இன்ஸ்டன்ஸுக்கு அனுப்புங்கள். அது கீ பண்புகளை, அதாவது அந்தப் பெயரையும் டொமைனையும், வைத்து உண்மையான கணக்கைத் தேடி எடுத்து, மற்றப் பண்புகளையும் நிரப்பித் தரும். வேறு கணினியை வினவுகிறீர்கள் என்றால், முதல் வினவலுக்குப் பயன்படுத்திய அதே சிம்செஷனை (அந்தக் கணினியுடனான இணைப்பை) இங்கும் கொடுத்துவிடுங்கள். (கட்டளைப் பெயர்களை ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன், தட்டச்சு செய்யும்போது ஆங்கில எழுத்துகளில் எழுதுங்கள்.)

ஆனால் நான் அந்த வழியில் போகமாட்டேன். டொமைனில் இணைந்த கணினியில் முடிச்சுகளை எல்லாம் அள்ளினால், டொமைன் குழுக்களும் சேர்ந்து வந்து ஸ்கிரிப்ட் நத்தை வேகத்தில் நகரும். தெரிந்த ஓர் ஆப்ஜெக்டில் தொடங்கி அங்கிருந்து நடப்பதே நல்லது. வின்32_குரூப் கிளாஸில் ‘லோக்கல்அக்கவுன்ட்’ உண்மை, ‘எஸ்ஐடி’ (கணக்கு, குழு ஒவ்வொன்றுக்கும் உரிய அடையாள எண்) எஸ்-1-5-32-544 என்று வடிகட்டுங்கள். விண்டோஸ் எந்த மொழியில் நிறுவப்பட்டிருந்தாலும் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவுக்கு இதே எண்தான். பெயரை நம்பினால் ஜெர்மன் பதிப்பில் மாட்டிக்கொள்வீர்கள். கிடைத்த குழுவைக் கெட்-சிம்அசோசியேட்டட்இன்ஸ்டன்ஸுக்கு அனுப்பி, ‘அசோசியேஷன்’ என்ற இடத்தில் வின்32_குரூப்யூசர் என்று கொடுங்கள். சுட்டுக்குப் பதிலாக முழுக் கணக்குகளே வந்து சேரும்.

‘ரிசல்ட்கிளாஸ்நேம்’ என்ற இடத்தில் வின்32_யூசர்அக்கவுன்ட் என்று குறுக்கிவிடத் தோன்றும். குறுக்கினால், அட்மினிஸ்ட்ரேட்டர்ஸுக்குள் உறுப்பாக இருக்கும் டொமைன் குழுக்கள் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். தணிக்கையில் முதலில் கேட்கப்படுவதே அவைதான். இந்த நடை ஒரு படிதான் போகும் என்பதால், உள்ளே இருக்கும் குழுவின் உறுப்பினர்களைத் தனியாகத்தான் தேட வேண்டும்.

பழைய ஸ்கிரிப்டுகளில் கெட்-டபிள்யூஎம்ஐஆப்ஜெக்டைப் பார்க்கலாம். அதில் சுட்டு வெறும் எழுத்துச் சரமாக வரும். அதற்கு முன்னால் சதுர அடைப்புக்குறிக்குள் ‘டபிள்யூஎம்ஐ’ என்று போட்டால் ஆப்ஜெக்டாக மாறும். பவர்ஷெல் 6 முதல் அந்தக் கட்டளையே இல்லை. புதிதாக எழுதுபவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். டபிள்யூஎம்ஐயின் (விண்டோஸ் கணினிகளின் விவரங்களைத் தரும் அமைப்பு) வினவல் மொழியிலேயே எழுத விரும்பினால் ‘அசோசியேட்டர்ஸ் ஆஃப்’ இருக்கிறது. எஸ்க்யூஎல் (தரவுத்தள வினவல் மொழி) பழகியவர்கள் அங்கே நிபந்தனைகளுக்கு நடுவே ‘அண்ட்’ போட்டுவிட்டுத் திணறுவார்கள். அதில் இடைவெளி மட்டுமே விட வேண்டும்.

முப்பது கணினிகளிலும் ஓட்டியபின் ஒன்றைச் சரிபாருங்கள். விண்டோஸ் 10, 11 கணினிகளில் உள்ளமைந்த அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு, யாரும் மாற்றாதவரை, முடக்கப்பட்ட நிலையிலேயே இந்தக் குழுவில் இருக்கும்; அதன் எஸ்ஐடி 500 என்று முடியும். உங்கள் பட்டியலில் முடக்கப்பட்ட கணக்கு ஒன்றுகூட இல்லையென்றால், ஸ்கிரிப்ட் இன்னும் சுட்டையேதான் படித்துக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.