திரையில் கிழிசல் தைப்பது – கடிதமும் பதிலும்

வணக்கம்.

நான் வீட்டில் பிளவுஸ், சுடிதார் தைத்துக் கொடுக்கிறேன். அண்மையில் ஜூமில் ஒரு சஷிகோ (ஜப்பானியக் கைத்தையல்) வகுப்பில் சேர்ந்தேன். பெரிய கூட்டம். ஆசிரியை தைத்தது அழகாக வந்தது, என் துணி மட்டும் சுருங்கிச் சுருங்கி நின்றது. கேட்கக் கூச்சப்பட்டுக் கேமராவை அணைத்துவிட்டேன். இப்போது வெளியூரில் இருக்கும் உறவுக்காரப் பெண்கள், கிழிந்த துணியைச் சரிசெய்ய ஆன்லைனில் சொல்லிக்கொடு என்கிறார்கள். கைவேலையைத் திரையில் கற்றுக்கொடுக்க முடியுமா? அதற்குக் காசு வாங்கலாமா?

ச., திருப்பூர்

அன்புள்ள ச.,

முடியும். ஆனால் நீங்கள் சேர்ந்த வகுப்பைப் போல நடத்தினால் முடியாது.

முதலில் உங்கள் துணி ஏன் சுருங்கியது என்று பார்ப்போம். சஷிகோ ஊசி நீளமானது. பல தையல்களை ஊசியிலேயே கோத்துக்கொண்டு ஒரே இழுப்பில் நூலை இழுப்பார்கள். இழுத்தவுடன் துணி சுருங்கத்தான் செய்யும். உடனே தைத்த வரிசையைக் கட்டைவிரலால் நீவிவிட வேண்டும். ஜப்பானியர்கள் இதை "இட்டோ ஷிகோகி" என்பார்கள். வரிசை திரும்பும் இடத்தில் பின்பக்கம் நூலைக் கொஞ்சம் தளர்த்தியும் விட வேண்டும். கை பழகியவர்கள் இதைத் தாங்கள் செய்வதே தெரியாமல் ஒரு நொடியில் செய்துவிடுவார்கள், வாயால் சொல்ல மாட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் ஆசிரியை உங்கள் துணியைத் தொட்டுப் பார்த்ததுமே சொல்லியிருப்பார்.

தையல் எப்படிப் போகிறது என்பதைத் திரை காட்டிவிடும், நூலின் இறுக்கத்தைக் காட்டாது. ஆன்லைன் வகுப்பில் ஆசிரியரின் வேலையே இந்தக் குறையை ஈடுகட்டுவதுதான். ஆறு பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். அடிக்கடி நிறுத்தி, எல்லோரையும் துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைக் கேமராவில் காட்டச் சொல்லுங்கள். முன்பக்கம் எல்லோருக்கும் ஓரளவு நன்றாகத்தான் இருக்கும், பின்பக்கம்தான் உண்மையைச் சொல்லும்.

சஷிகோவை இப்போதைக்கு விட்டுவிட்டு, ஓட்டையை நூலால் நெய்து அடைக்கும் டார்னிங்கிலிருந்து தொடங்குங்கள் என்பது என் யோசனை. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் நெதர்லாந்திலும் ஜெர்மனியிலும் சிறுமிகளுக்கு இதைக் கற்றுக்கொடுத்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். நல்ல துணியில் வேண்டுமென்றே ஓட்டை வெட்டி, அதை வண்ண நூலால் நெய்து அடைக்கச் சொல்வார்கள். பாவு (நீளவாக்கு இழை) ஒரு நிறம், ஊடை (குறுக்கு இழை) ஒரு நிறம். எந்த இழை மேலே போக வேண்டிய இடத்தில் கீழே போனது என்று ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும். கேமராவுக்கும் இது அருமையாகப் பொருந்துகிறது. வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் தைத்துக் காட்டினால் ஒருவருக்கும் ஒன்றும் புரியாது. சாக்குத் துண்டில் சிவப்பும் நீலமுமாகக் கம்பளி நூல் ஓட்டிக் காட்டுங்கள்.

காட்டும்போது ஓட்டையின் விளிம்பிலிருந்து தொடங்காதீர்கள். ஒரு சென்டிமீட்டர் தள்ளி, கெட்டியான துணியில் தொடங்க வேண்டும். ஒவ்வொரு வரிசை முடியும்போதும் நூலை ஒட்ட இழுக்காமல் குட்டி வளையம் ஒன்றை விட வேண்டும், துவைத்தால் புது நூல் சுருங்கும் அல்லவா? ஓட்டைக்கு அடியில் வைக்கும் காளான் வடிவக் கட்டையான டார்னிங் காளான் கிடைக்காதவர்களுக்குத் தேங்காய்ச் சிரட்டை போதும். வெளிப்பக்கத்தை மட்டும் வழவழவென்று தேய்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

உங்கள் ஊர்ச் சரக்கான பனியன் துணி வேறு கதை. அது நெய்தது அல்ல, பின்னியது. அதில் இந்த நெசவை வைத்து அடைத்தால் அந்த இடம் மட்டும் விறைத்துப்போகும், இழுபடாது. அதை இரண்டாம் வகுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். எலி கடித்த பட்டுச்சேலையை யாராவது தூக்கிக் காட்டினால், தயங்காமல் ரஃபு (கிழிசல் தெரியாதபடி இழை கோத்துச் சரிசெய்வது) தெரிந்தவரிடம் அனுப்பிவிடுங்கள். உத்தரப் பிரதேசத்தின் நஜிபாபாத் ரஃபுக்காரர்கள் அந்த வேலையைப் பெரியவர்களின் பக்கத்தில் உட்கார்ந்தே கற்கிறார்கள், அதை ஜூமில் சொல்லித்தர முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம் கேமரா. எதிரே வைத்தால் உங்கள் கை தலைகீழாகத் தெரியும். போனை ஸ்டாண்டில் மாட்டி, உங்கள் தோளுக்கு மேலிருந்து மடியைப் பார்க்கும்படி வையுங்கள். அப்போதுதான் பார்ப்பவருக்குத் தன் கையையே பார்ப்பது போல இருக்கும். முகத்துக்கு லேப்டாப், கைக்குப் போன் என்று இரண்டிலும் உள்ளே வரலாம். ஒன்றில் மைக்கையும் ஒலியையும் அணைக்காவிட்டால் எதிரொலி தாங்காது. இடதுகைக்காரர் யாராவது இருந்தால், தன் திரையைக் கண்ணாடிக்கு எதிரே வைத்துக் கண்ணாடியைப் பார்த்துத் தைக்கச் சொல்லுங்கள். இலவச ஜூம் கணக்கு 40 நிமிடத்தில் துண்டிக்கும். அது நல்லதே, அதற்கு மேல் கழுத்து வலிக்கும்.

காசு வாங்கலாமா என்றால், கட்டாயம் வாங்குங்கள். சொந்தக்காரர்களிடமும்தான். பிளவுஸுக்குக் கூலி கேட்கக் கூசாத நாம் சொல்லிக்கொடுப்பதற்கு மட்டும் ஏன் கூச வேண்டும்? வகுப்பு நேரத்தை மட்டும் கணக்கிடாதீர்கள். முடிந்த பிறகு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பி, "அக்கா, இது சரியா?" என்று கேட்பார்கள். பதில் சொல்வதும் வேலைதான்.

வகுப்பில் சேருபவர்களுக்கு மொட்டை முனை ஊசி இரண்டும் இரண்டு நிறக் கம்பளி நூலும் கவரில் போட்டு முன்கூட்டியே தபாலில் அனுப்பிவிடுங்கள். பல ஊர்க் கடைகளில் அந்த ஊசியைக் கேட்டால் கோணி ஊசியைத்தான் எடுத்துத் தருவார்கள்.

அன்புடன்.