பழைய கோடரி, புதிய வீச்சு: 'நைட்மேர் லாஜிக்' கேள்வி பதில்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள டல்லஸ் நகரத்துக் குழு பவர் டிரிப். 2017 பிப்ரவரியில் இவர்கள் வெளியிட்ட ஆல்பம் 'நைட்மேர் லாஜிக்'. எட்டுப் பாடல்கள், சுமார் 33 நிமிடம். எண்பதுகளின் த்ராஷ் மெட்டலை, அதாவது வேகமும் ஆவேசமும் கலந்த கனமான கிட்டார் இசையை, மீட்டுக்கொண்டுவந்த ஆல்பங்களில் எதை முதலில் கேட்கலாம் என்று யார் கேட்டாலும் நான் இதைத்தான் எடுத்து நீட்டுவேன். அப்படி நீட்டி நீட்டியே சேர்த்துக்கொண்ட கேள்விகள் இவை. இரண்டொன்றில் கோபம் தெரிகிறது. அவற்றைத்தான் நான் விரும்பிப் படித்தேன்.

கேள்வி: வேகமாக வாசித்தால் அது த்ராஷ் ஆகிவிடுமா? ஹெவி மெட்டலுக்கும் இதற்கும் என்னதான் வித்தியாசம்?

வேகம் பாதிக் கதைதான். எழுபதுகளின் இறுதியில் பிரிட்டனில் புதிதாகக் கிளம்பிய ஹெவி மெட்டல் குழுக்களிடமிருந்து கிட்டார் வேலைப்பாட்டையும், டிஸ்சார்ஜ் போன்ற பங்க் குழுக்களிடமிருந்து ஆவேசத்தையும் எடுத்துக்கொண்டு, நடுவில் மோட்டார்ஹெட் குழுவை நிறுத்தினால் ஏறக்குறைய த்ராஷ் வந்துவிடும். 1983இல் மெட்டாலிகாவின் 'கில் 'எம் ஆல்', ஸ்லேயரின் 'ஷோ நோ மெர்சி' இரண்டும் வெளிவந்தன.

ஆனால் உண்மையான அடையாளம் கிட்டார் வாசிப்பவரின் வலது கையில் இருக்கிறது. உள்ளங்கையின் ஓரத்தைக் கம்பிகள் முடியும் இடத்தில், பிரிட்ஜின் மேல் லேசாக வைத்து அமுக்கிக்கொண்டு மீட்டுவார்கள். கம்பி முழுதாக அதிராது. 'ஜக் ஜக் ஜக்' என்று நறுக்கிப் போட்டதுபோல் ஒலிக்கும். பிறகு சட்டென்று கையை எடுத்துவிட்டு ஒரு ஸ்வரக்கட்டை முழங்கவிடுவார்கள். மூடுவது, திறப்பது, மறுபடி மூடுவது. இந்த விளையாட்டு இல்லாமல் எவ்வளவு வேகமாக வாசித்தாலும் அது வெறும் அவசரம்தான்.

கேள்வி: அவ்வளவு நல்ல இசை என்றால் தொண்ணூறுகளில் ஏன் காணாமல் போனது?

மெட்டாலிகாவே 1991இல் வேகத்தைக் குறைத்துக்கொண்டது. அந்த வருடம் வந்த அதன் ஆல்பத்தின் முதல் பாடலான 'என்டர் சேண்ட்மேன்' நிமிடத்துக்கு 123 தட்டுகள்தான். ஐந்து வருடம் முன்பு வந்த 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' 210ஐத் தாண்டி ஓடியது. அதே 1991இல் நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' வந்து இளைஞர்களின் கவனத்தை வேறு பக்கம் திருப்பியது. இன்னும் கொடூரமாக வேண்டும் என்றவர்கள் டெத் மெட்டலுக்குப் போனார்கள். நடுவில் நின்ற த்ராஷுக்கு இரண்டு பக்கமும் ஆளில்லை.

கேள்வி: 1986இல் வந்ததை 2017இல் திரும்ப வாசிப்பதில் என்ன பெருமை இருக்கிறது? நகலை நகல் என்று சொல்ல உங்களுக்கு ஏன் தயக்கம்?

தயக்கமே இல்லை. நகல்கள் ஏராளமாக வந்தன. 2000களின் நடுவில் ஒரு மீட்பு அலை எழுந்தது: ரிச்மண்டின் முனிசிபல் வேஸ்ட், இங்கிலாந்தின் ஈவைல், கலிஃபோர்னியாவின் வார்பிரிங்கர், டென்வரின் ஹாவோக். எக்ஸோடஸ் குழுவின் முதல் ஆல்பத்தின் பெயரான 'பாண்டட் பை பிளட்' என்பதையே குழுவுக்குப் பெயராக வைத்துக்கொண்டவர்களும் உண்டு. இவர்களில் நான் விரும்பிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த அலையின் பின்னால் வந்த பலர் கையில்லாத ஜீன்ஸ் சட்டையையும், அதில் தைத்த துணிப் பட்டைகளையும், வெள்ளை ஷூக்களையும், அட்டையில் பச்சை நிறப் பிணங்களையும் மீட்டார்களே தவிர இசையை மீட்கவில்லை. 1986இன் ஆல்பங்களைக் கேட்டார்கள். அந்த ஆல்பங்களைச் செய்தவர்கள் எதைக் கேட்டு வளர்ந்தார்கள் என்று தேடவில்லை.

பவர் டிரிப் வந்த வழி வேறு. இவர்கள் ஹார்ட்கோர் பங்க், அதாவது பங்கின் இன்னும் வேகமான முரட்டு வடிவம், ஒலித்த மேடைகளில் வளர்ந்தவர்கள். நியூயார்க்கின் க்ரோ-மேக்ஸ், லீவே போன்ற குழுக்கள் எண்பதுகளில் ஹார்ட்கோரையும் மெட்டலையும் கலந்தன. இந்தக் கலவைக்குக் கிராஸ்ஓவர் என்று பெயர். டெக்சாஸிலேயே இவர்களுக்குச் சற்று முன்னால் அயர்ன் ஏஜ் என்ற ஆஸ்டின் குழு 2009இல் 'தி ஸ்லீப்பிங் ஐ' ஆல்பத்தில் இதே தடத்தைப் பிடித்திருந்தது. ஹார்ட்கோர் மேடையில் கூட்டம் நின்றுகொண்டு கேட்காது. அதற்கு உடம்பை அசைக்க ஒரு காரணம் வேண்டும். ஆகவே பவர் டிரிப்பின் ஒவ்வொரு ரிஃப்பும், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கும், 'இதற்குக் கூட்டம் நகருமா' என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் பாட்டுக்குள் வருகிறது. பழைய த்ராஷிலும் இந்தக் கேள்வி இருந்தது. மீட்டவர்களில் பலர் இதைத் தொலைத்துவிட்டு வேகத்தை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

கேள்வி: இரண்டாவது பாடல் 'எக்ஸிக்யூஷனர்ஸ் டாக்ஸ்' வேகமாகவே இல்லை. அதை ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்?

வேகமாக இல்லை என்பதால்தான். அந்தப் பாட்டு நடுவேகத்தில் மிதித்துக்கொண்டே போகிறது. ரிஃப்பைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். அமுக்கி அடிக்கும் தாழ்ந்த ஸ்வரங்கள் ஒரு வரிசையாக வந்து நிற்கும். அடுத்த அடி எங்கே விழும் என்று உங்கள் தலை தானாகவே கீழே இறங்கத் தொடங்கும். அந்தக் கணநேர இடைவெளிதான் பாட்டு. கோடரி மேலே போய் நிற்பதுபோல ஒரு நிறுத்தம், பிறகு வீச்சு. பல்லவியில் எல்லோரும் சேர்ந்து கத்தும்போது அந்த இடைவெளியைக் கூட்டமே நிரப்பிவிடுகிறது.

தலைப்பைத் தமிழில் சொன்னால் 'தலை வெட்டுபவருக்கான வரி' என்று வரும். தலை வெட்டப்படப் போகிறவர், ஒரே வெட்டில் முடித்துவிடும்படி வெட்டுபவருக்குப் பணம் கொடுப்பது முற்கால ஐரோப்பாவில் இருந்த வழக்கம். 1685இல் லண்டனில் மன்மத் பிரபு, ஜாக் கெட்ச் என்ற தலை வெட்டுபவருக்கு ஆறு கினி நாணயம் கொடுத்தார். அப்படியும் ஒரே வெட்டில் முடியவில்லை, பல வெட்டுகள் தேவைப்பட்டன. காசு கொடுத்தும் வேலை சுத்தமாக நடக்காத கதை அந்தக் காலத்திலேயே உண்டு.

இதன் பிறகு மூன்றாவதாக 'ஃபயரிங் ஸ்குவாட்' வருகிறது. அது பாய்ச்சல். இரண்டாவது பாடல் உங்களை நடக்கவைத்துப் பழக்கியிருப்பதால்தான் மூன்றாவது ஓடும்போது மூச்சு வாங்குகிறது. எட்டுப் பாட்டும் ஒரே வேகத்தில் இருந்தால் நான்காவதிலேயே காது மரத்துவிடும்.

கேள்வி: பாடகரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கிறது. ஒலிப்பதிவில் கோளாறா?

கோளாறு இல்லை, வேண்டுமென்றே செய்தது. ரைலி கேலின் குரலுக்குத் தாராளமாக ரிவெர்ப், அதாவது செயற்கை எதிரொலி, சேர்த்திருக்கிறார்கள். தயாரிப்பாளர் ஆர்தர் ரிஸ்க். எண்பதுகளின் மெட்டலில் ஒலிப்பதிவு என்றால் ஒரு பெரிய அறை காதில் விழும். டிரம்ஸ் ஓர் இடத்தில் இருப்பதும், குரல் சுவரில் பட்டுத் திரும்புவதும் தெரியும்.

2000க்குப் பிறகு கணினியில் பதிவு செய்வது எளிதாகிவிட்டது. டிரம்ஸ்காரர் அடித்த ஒவ்வொரு அடிக்கும் பதிலாக முன்பே பதிந்துவைத்த ஓர் அடியை ஒட்டலாம். கால் இம்மி பிந்திய அடியைத் தாளக் கட்டத்துக்குள் இழுத்து வைக்கலாம். விளைவு, ஆயிரம் அடிகளும் ஒரே அச்சில் வார்த்தவை. மனிதன் அடித்தால் முந்நூறாவது அடி முதல் அடியைப் போல இருக்காது. களைப்பும் வெறியும் அதில் ஏறியிருக்கும். த்ராஷில் நாம் காசு கொடுத்துக் கேட்பதே அந்தக் களைப்பையும் வெறியையும்தான். ரிஸ்க் அதை அழிக்காமல் விட்டார். அதேசமயம் கீழ்ஸ்தாயி கனம் இக்காலத்துக் கனம். 1985இன் மெல்லிய, கீச்சென்ற ஒலியை அவர் திரும்பக் கொண்டுவரவில்லை. அது அந்தக் காலத்தின் ஏழ்மை. அதை யாரும் மீட்க வேண்டியதில்லை.

பின்னால் ஒரு வேடிக்கை நடந்தது. 1986இல் 'பிளெஷர் டு கில்' தந்த ஜெர்மனியின் கிரியேட்டர் குழு, 2022இல் தன் ஆல்பத்தைத் தயாரிக்க இதே ரிஸ்க்கை அழைத்தது.

கேள்வி: இந்தப் பாடல்களைக் கிட்டாரில் பழகுகிறேன். பத்து நிமிடத்தில் முன்கை இறுகி வலிக்கிறது. கை பலம் போதவில்லையா?

பலம் தேவைக்கு மேல் இருக்கிறது, அதுதான் சிக்கல். பிக்கை, அதாவது கம்பியை மீட்டும் சிறு வில்லையை, இறுக்கிப் பிடிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பிக்கின் நுனி மட்டும் விரல்களுக்கு வெளியே கொஞ்சம் நீட்டியிருக்கட்டும். அசைவு மணிக்கட்டிலிருந்து வர வேண்டும், முழங்கையிலிருந்து அல்ல. கம்பியைத் தாண்டிக் கை கீழே வெகுதூரம் போகிறதா என்று கண்ணாடி முன் அமர்ந்து பாருங்கள். போனால் ஒவ்வொரு முறையும் அந்தத் தூரத்தைத் திரும்பி வர வேண்டியிருக்கிறது.

தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை உங்களால் சிரமமின்றி வாசிக்க முடிந்த வேகத்துக்கு இறக்குங்கள். மேலிருந்து கீழ் வீச்சு மட்டும். ஏறி இறங்கும் வீச்சு வேண்டாம். ஒரு நிமிடம் தடங்கலின்றிப் போனால் ஐந்து தட்டு கூட்டுங்கள். இறுக்கம் தொடங்கிய உடனே நிறுத்துங்கள். எரிச்சல் போன்ற களைப்பு வருவது இயல்பு. குத்தும் வலி வந்தால் அன்றைக்குக் கிட்டாரை வைத்துவிடுங்கள். நான் இளவயதில் வலியைப் பெருமையாக நினைத்துத் தொடர்ந்து வாசித்து, மூன்று வாரம் தண்ணீர்க் குவளையைக் கூட இடது கையால் தூக்கினேன்.

கேள்வி: இசைத்தட்டு வாங்கித்தான் கேட்க வேண்டுமா?

வேண்டாம். நல்ல ஹெட்போன் போதும்.

கேள்வி: அட்டைப்படம் யார் வரைந்தது? கணினியில் செய்ததுபோல இல்லையே.

இத்தாலிய ஓவியர் பாவ்லோ ஜிரார்டி. எண்ணெய் வண்ண ஓவியம். 2013இல் வந்த இவர்களின் முந்தைய ஆல்பம் 'மேனிஃபெஸ்ட் டெசிமேஷன்' அட்டையும் அவர் கைவண்ணம்தான்.

கேள்வி: பாடகர் இறந்துவிட்டார் என்று படித்தேன். குழு இப்போது இருக்கிறதா?

ரைலி கேல் 2020 ஆகஸ்ட் 24 அன்று இறந்தார். வயது 34. அந்த வருடம் வெளியான 'லைவ் இன் சியாட்டில்' என்ற மேடைப் பதிவிலிருந்த 'எக்ஸிக்யூஷனர்ஸ் டாக்ஸ்' கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. விருது பாடி கவுண்ட் குழுவுக்குப் போனது. குழு சில வருடம் மௌனமாக இருந்தது. 2023 டிசம்பரில் ஆஸ்டினில் சேத் கில்மோர் என்ற பாடகருடன் மீண்டும் மேடையேறியது.

கேல் இல்லாமல் இந்தப் பாடல்களைக் கேட்பது எனக்கு இன்னும் பழகவில்லை. ஆனால் பல்லவியைப் பாதிக்கு மேல் கூட்டம்தான் பாடுகிறது என்பதால், மேடையில் யார் நின்றாலும் பாட்டு நின்றுவிடாது.

கேள்வி: இது பிடித்துவிட்டது. அடுத்து எதைக் கேட்பது?

பின்னோக்கி நடங்கள். முதலில் க்ரோ-மேக்ஸின் 'தி ஏஜ் ஆஃப் குவாரல்', 1986. பவர் டிரிப்பின் மிதி எங்கிருந்து வந்தது என்று உடனே புரியும். பிறகு எக்ஸோடஸின் 'பாண்டட் பை பிளட்', 1985. அப்புறம் பிரேசிலின் செபுல்டுரா 1989இல் தந்த 'பினீத் தி ரிமெய்ன்ஸ்'. ஸ்லேயரின் 'ரெய்ன் இன் பிளட்' எப்படியும் உங்களை வந்து சேரும், நான் சொல்லத் தேவையில்லை.

மீட்பு அலையிலேயே நேர் எதிரான ஒன்று வேண்டும் என்றால் வெக்டர் குழுவின் 'டெர்மினல் ரிடக்ஸ்', 2016. எழுபது நிமிடத்துக்கும் மேல், விண்வெளிக் கதை, சிக்கலான வளைவுகள். பவர் டிரிப் குறைத்துக் குறைத்துச் செதுக்கியதை இவர்கள் அடுக்கி அடுக்கிக் கட்டினார்கள். ஒரே நாளில் இரண்டையும் கேட்காதீர்கள், தலை வலிக்கும்.

கேள்வி: இரண்டு முறை கேட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. என்ன செய்வது?

விட்டுவிடுங்கள். போனது 66 நிமிடம்தான்.