"கலர் கொஞ்சம் கம்மி" என்கிறார்களே!

கேள்வி: வயது 26. பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள், "கலர் கொஞ்சம் கம்மி" என்று சொல்லிவிட்டன. மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த கிரீமை ஒரு வருடமாகப் போடுகிறேன். முதலில் முகம் பளிச்சென்று ஆனது. இப்போது வெயில் பட்டாலே எரிகிறது, நிறுத்தினால் பொரிப்பொரியாக வருகிறது. ஆபீஸில் எல்லோரும் என் முகத்தையே பார்ப்பதுபோல இருக்கிறது. என்ன செய்வது?
- வாசகி, விருதுநகர்

பதில்: கிரீம்தான் அவசரம், அதை முதலில் பார்ப்போம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அதில் ஸ்டீராய்டு இருக்க வாய்ப்பு அதிகம். ட்யூபில் மோமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று ஏதாவது பெயர் இருக்கிறதா பாருங்கள். இவை கரப்பான் போன்ற தோல் நோய்களுக்குக் கொஞ்ச நாளுக்கு மட்டும் டாக்டர் எழுதித் தருபவை. சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு சொல்லிவிட்டது, யார் கேட்கிறார்கள்? மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்துவிடும், முகத்தில் முடிகூட முளைக்கும். நீங்களாகச் சட்டென்று நிறுத்தாமல், ட்யூபோடு தோல் டாக்டரிடம் போங்கள். எப்படிக் குறைப்பது என்று அவர் சொல்வார்.

அடுத்தது ஆபீஸ். 1980-ல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் கிளெக், ஸ்ட்ரென்டா என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். சிலர் முகத்தில் மேக்கப்பால் தழும்பு வரைந்து, கண்ணாடியில் காட்டினார்கள். அப்புறம் ஈரம் காயாமல் இருக்க ஏதோ தடவுவதாகச் சொல்லி, தழும்பைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டு, முன்பின் தெரியாதவருடன் பேச அனுப்பினார்கள். திரும்பி வந்தவர்கள், தழும்பைப் பார்த்து எதிராளி இறுக்கமாகிவிட்டார் என்றார்கள். இல்லாத தழும்பை!

ஆபீஸில் உங்களுக்கு நடப்பதும் ஏறக்குறைய இதுதான். ஆனால் எல்லாமே உங்கள் பிரமை என்று சொல்ல மாட்டேன். அந்த இரண்டு குடும்பங்கள் நிஜமாகவே வாய் திறந்து சொன்னார்கள். 1975-ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி முதல் எத்தனையோ விளம்பரங்கள், வெளுத்தால்தான் வேலையும் வரனும் என்று வீட்டுக்குள் வந்து பாடம் நடத்தின. 2020-ல் அந்த கிரீமின் பெயர் மாறியது, மாமியார்கள் மாறவில்லை. தவறு அவர்கள் பேச்சில். அதற்கு மருந்தை உங்கள் கன்னத்தில் தடவி என்ன பயன்?

அடுத்த வரனுக்கு ஸ்டூடியோவில் வெளுப்பாக்காத போட்டோவையே அனுப்பச் சொல்லுங்கள். "முதலில் வந்து பார்க்கட்டுமே" என்று அம்மா தயங்குவார், விடாதீர்கள். கலர்தான் பிரச்சினை என்பவர்கள் போனிலேயே நின்றுவிடுவார்கள். அவர்களுக்காகக் கேசரி கிண்டும் வேலையாவது அம்மாவுக்கு மிச்சம்.