பட்டுவரும் மாமரத்தை ஒட்டுக்கட்டிக் காப்பது எப்படி?

கேள்வி: கடையம் அருகே எங்கள் புறவாசலில் நிற்கும் மாமரம் தாத்தா காலத்தது. பழுத்தாலும் தோல் பச்சை மாறாது. சதையில் நாரே இருக்காது. இந்த வட்டாரத்தில் இதைப் போல வேறு மரம் இல்லை. கொட்டை போட்டு வளர்த்த இரண்டு மரங்களிலும் புளிப்புக் காய்தான் காய்த்தது. தண்டில் துளைப்பான் புகுந்து, மரம் ஒவ்வொரு கிளையாகப் பட்டுவருகிறது. என்ன செய்வது?

பதில்: கொட்டையை இனி நம்ப வேண்டாம். மேற்குக் கடற்கரையோர இனங்கள் சிலவற்றில் ஒரே கொட்டையிலிருந்து பல முளைகள் கிளம்பும். அவற்றுள் பெரும்பாலானவை தாயை ஒத்திருக்கும். உங்கள் கன்றுகள் மாறிப்போனதைப் பார்த்தால், இது ஒற்றை முளை இனமாகவே இருக்க வேண்டும். அப்படியானால் கொட்டைக்குள் இருப்பது அயல் மகரந்தம் கலந்த புதிய மரம். தாயின் குணத்தை அப்படியே கொண்டுவர ஒட்டுக்கட்டுவதே, அதாவது தாய்மரத்துக் குச்சியை வேறொரு மாங்கன்றின் தண்டில் பொருத்தி வளர்ப்பதே வழி.

பலரும் முதலில் கொட்டையை ஊன்றிவிட்டுப் பிறகு குச்சி தேடுகிறார்கள். கிழட்டு மரத்தில் இந்த வரிசை பலிக்காது. ஏனெனில் ஒட்டுக்கு வேண்டிய, மூன்று நான்கு மாத வயதும் பென்சில் பருமனும் உள்ள தளிர்க்குச்சி அதில் அரிதாகவே கிடைக்கும். ஆகவே இந்த வைகாசியிலேயே, துளைப்பான் தொடாத இரண்டு மூன்று கிளைகளை மட்டும் வெட்டி, வெட்டுவாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சாணக்கொல்லி) பூசிவிடுங்கள். பிற கிளைகளில் கை வைக்க வேண்டாம். புதுத் துளிர் முற்றப் புரட்டாசி ஆகிவிடும். மாங்கொட்டை சில வாரங்களிலேயே முளைப்புத்திறன் இழப்பதால், அதை ஆனிச் சாரலில் பைகளில் ஊன்றி, கன்றுகளைத் தயாராக வைத்திருங்கள்; இதற்கு எந்த நாட்டு மாங்கொட்டையும் போதும்.

ஒட்டுக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பு, தேர்ந்தெடுத்த குச்சிகளின் இலைகளைக் காம்பு மட்டும் நிற்க நறுக்கிவிட்டால் நுனிமொட்டு புடைத்து நிற்கும். காலையில் குச்சியை வெட்டி, ஈரத்துணியிலோ வாழைமட்டையிலோ பொதிந்து, அன்றே ஒட்டுங்கள். கன்றின் இளந்தண்டைத் தலை நறுக்கி நடுவே 4 முதல் 5 செ.மீ. பிளந்து, ஆப்பு வடிவில் சீவிய குச்சியைச் செருக வேண்டும். இரண்டும் ஒரே பருமனாக இல்லையென்றால் ஒரு பக்கத்துப் பட்டையாவது பட்டையோடு பொருந்தியே ஆக வேண்டும். ஒட்டுகள் பிழைக்காமல் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பாலித்தீன் நாடாவால் இறுகச் சுற்றி, குச்சி ஐஸ் உறை போன்ற நீள உறையை மேலே கவிழ்த்து நிழலில் வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் துளிர் வரும். அப்போது உறையை எடுத்துவிட வேண்டும். ஒட்டுக்குக் கீழே கிளம்பும் துளிர்களை அவ்வப்போது கிள்ளாவிட்டால் நாட்டுக்கன்றே தலையெடுத்துவிடும்.

புரட்டாசி வரை மரம் தாங்காதோ என்ற அச்சம் இருந்தால், உடனே நெருக்கு ஒட்டையும் தொடங்கிவிடுங்கள். ஓராண்டு நாட்டுக்கன்றைப் பையோடு பரண் கட்டி ஏற்றி, கன்றின் தண்டிலும் தாய்மரத்தின் இளங்கிளையிலும் 5 செ.மீ. நீளம் சீவி, முகத்தோடு முகம் சேர்த்துக் கட்டுவது பழைய முறைதான். ஆனாலும் குச்சி தாயைவிட்டுப் பிரியாமலே ஒட்டுவதால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். பரணில் இருக்கும் பை காயாமல் தண்ணீர் ஊற்ற வேண்டும். இரண்டு மூன்று மாதம் கழித்துத் தாய்க்கிளையை ஒட்டுக்குக் கீழேயும் கன்றின் தலையை ஒட்டுக்கு மேலேயும் சிறிது சிறிதாக வெட்டிப் பிரிக்கலாம்.

ஐந்து கன்று வேண்டுமென்றால் இருபது கட்டுங்கள். பிழைத்தவற்றை ஒரே தோட்டத்தில் நடாமல், உறவினர் நிலம் இரண்டிலாவது பிரித்து நடுங்கள். துளைப்பான் ஓட்டைகளைக் கம்பியால் குத்திப் புழுவை எடுத்துக் களிமண்ணால் அடைத்து வந்தால், தாய்மரம் இன்னும் ஓரிரு பருவத்துக்குக் குச்சி தரக்கூடும்.