அளவான மதுவும் கிறிஸ்தவ விசுவாசமும்: கேள்வி பதில்

வேதாகமக் கிரேக்கம் கற்பிப்பவன் என்ற முறையிலும், குடியிலிருந்து மீள முயல்பவர்களோடு பல ஆண்டுகள் உடனிருந்தவன் என்ற முறையிலும் உங்கள் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, அளவாகக் குடிப்பது பாவமா, இல்லையா?

அளவாகக் குடிப்பதைப் பாவம் என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. வெறிகொள்வதைப் பாவம் என்று பல இடங்களில் சொல்கிறது. 104ஆம் சங்கீதம் மனிதனின் இருதயத்தை மகிழ்விக்கும் திராட்சரசத்தைத் தேவனுடைய கொடைகளில் ஒன்றாக எண்ணுகிறது. நீதிமொழிகள் 23ஆம் அதிகாரமோ அதைப் பற்றியே, "முடிவில் அது பாம்பைப்போல் கடிக்கும், விரியனைப்போல் தீண்டும்" என்கிறது. இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட நமக்கு உரிமையில்லை. முதல் குவளையோடு நிறுத்த இயலாதவருக்கு இந்தப் பதில் பொருந்தாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அவருக்கு அளவு என்ற ஒன்றே கிடையாது.

கேள்வி: கானாவூர்த் திருமணத்தில் ஆண்டவர் தண்ணீரை மாற்றி உண்டாக்கியது வெறும் பழச்சாறுதானே? தமிழ் வேதாகமத்தில் "திராட்சரசம்" என்றுதான் இருக்கிறது.

இந்தக் குழப்பம் நம் மொழிபெயர்ப்பிலிருந்து வருவதால் சற்று விரிவாக எழுதுகிறேன். "ரசம்" என்றதும் நமக்குப் பிழிந்த சாறு நினைவுக்கு வருகிறது. ஆனால் யோவான் 2இல் "திராட்சரசம்" என்றும், எபேசியர் 5:18இல் "மதுபான வெறிகொள்ளாமல்" என்ற இடத்தில் "மதுபானம்" என்றும் நாம் படிப்பது கிரேக்கத்தில் "ஓய்னோஸ்" என்ற ஒரே சொல். தமிழில் இரண்டு சொற்கள் வந்ததால் நல்லது ஒன்று, கெட்டது ஒன்று என இரண்டு பானங்கள் இருந்ததாக நாம் எண்ணிக்கொண்டோம். ஆதியாகமம் 9இல் நோவா திராட்சரசத்தைக் குடித்துத்தான் வெறிகொண்டார் என்று அதே தமிழ் வேதாகமம் சொல்கிறதே! மேலும், கானாவூர் விருந்தின் பந்தி விசாரிப்புக்காரன் "ஜனங்கள் திருப்தியடைந்தபின்பு" ருசி குறைந்ததைக் கொடுப்பார்கள் என்று சொல்லும் இடத்தில், மூலத்தில் உள்ள வினைச்சொல்லின் நேர்ப்பொருள் "வெறித்தபின்பு" என்பதே. பழச்சாற்றைப் பற்றி யாரும் அப்படிப் பேசமாட்டார்கள்.

கேள்வி: நான் பிறந்தது முதல் நசரேயன் என்று கருதலாமா?

எண்ணாகமம் 6ஐப் படியுங்கள். தேவனுக்கென்று தன்னைப் பிரித்துக்கொள்பவரின் அந்த நசரேய விரதம், மதுவை மட்டுமல்ல, திராட்சப்பழத்தையும் விலக்குகிறது.

கேள்வி (முன்னர்க் கானாவூரைப் பற்றிக் கேட்டவர்): அப்படியானால் ஆறு கற்சாடி நிறைய வெறியூட்டும் பானத்தை ஆண்டவர் கொடுத்தார் என்கிறீர்களா? பஸ்காவில் புளித்தது எதுவும் கூடாது என்பதால் கடைசி இராப்போஜனத்திலும் சாறுதானே இருந்திருக்க முடியும்?

அந்தச் சாடிகள் மொத்தம் ஏறத்தாழ 500 முதல் 700 லிட்டர் கொள்ளும். அக்காலத் திருமண விருந்து பல நாள் நீடிக்கும். திராட்சரசத்தில் தண்ணீர் கலந்து பரிமாறும் வழக்கமும் பரவலாக இருந்தது. நிறையக் கொடுப்பது வேறு, வெறிக்கச் சொல்வது வேறு. பஸ்காவில் விலக்கப்பட்டது தானியத்தின் புளித்த மாவு. திராட்சரசம் விலக்கப்படவில்லை என்பதற்கு, ஏழையும் அந்த இரவில் நான்கு கிண்ணம் குடிக்க வேண்டும் என்று யூதரின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா விதிப்பதே சான்று. கோடையின் இறுதியில் அறுவடையாகும் பழத்தின் சாறு, தோலில் ஒட்டியிருக்கும் ஈஸ்டினால் சில நாட்களிலேயே நுரைக்கத் தொடங்கிவிடும். அதை வசந்தகாலப் பஸ்கா வரை சாறாகவே வைத்திருப்பது எளிதன்று. காய்ச்சிச் சுண்டவைத்த பாகு அன்றும் இருந்தது, ஆனால் திருவிருந்துக்கெனப் புளிக்காத சாற்றைப் பதப்படுத்தும் முறையைத் தாமஸ் வெல்ச் என்னும் மெதடிஸ்ட் பல் மருத்துவர் 1869இல்தான் கொண்டுவந்தார். கொரிந்து சபையில் கர்த்தருடைய பந்தியிலேயே சிலர் வெறித்திருந்தார்கள். பவுல் அவர்களின் நடத்தையைக் கண்டித்தாரே தவிர, பானத்தை மாற்றச் சொல்லவில்லை.

நீங்கள் மதுவை அறவே விலக்குவதை நான் மதிக்கிறேன். சகோதரன் இடறாதபடி திராட்சரசத்தையும் விட்டுவிடுவது நல்லது என்னும் ரோமர் 14:21 அதற்குப் போதுமான ஆதாரம். நல்ல தீர்மானத்துக்காகத் தவறான சான்றைத் தேடாதீர்கள் என்று மட்டுமே கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: சபைகள் ஏன் இதில் ஒன்றுபடவில்லை?

பெனடிக்டின் துறவற விதி, 40ஆம் அதிகாரத்தில், துறவிகளுக்கு நாள்தோறும் அளந்த திராட்சரசத்தை அனுமதித்துவிட்டு, அதைத் தவிர்க்கும் வரம் பெற்றவர்களுக்குத் தனிப் பலன் உண்டு என்கிறது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் 1743ஆம் ஆண்டுப் பொது விதிகள் வெறியையும் காய்ச்சி வடித்த சாராயத்தையும் கண்டித்தன. இரட்சண்ய சேனை என்னும் சபையில் "போர்வீரர்கள்" எனப்படும் உறுப்பினர்களோ மதுவை அறவே விடுவதாக உறுதியளிக்கிறார்கள். இவர்கள் எல்லோரும் ஒரே வேதத்தைப் படித்து, தங்கள் கண்முன் குடி செய்த சேதத்துக்கேற்பத் தீர்மானித்தவர்கள்.

கேள்வி: தீமோத்தேயுவுக்குப் பவுல் சொன்னதால் மது உடலுக்கு நல்லதுதானே?

"கொஞ்சம் திராட்சரசமும் கூட்டிக்கொள்" என்பது வயிற்று நோயாளி ஒருவருக்கு எழுதிய ஆலோசனை. பாதுகாப்பான மது அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது. மற்றதை மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: விஸ்கி குடிக்கலாமா? எத்தனை குவளை வரை பாவமில்லை?

இதே கேள்வியை நான்கு பேர் அனுப்பியிருக்கிறீர்கள். குவளைக் கணக்கு வேதத்தில் இல்லை. விஸ்கியில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பங்கு ஆல்கஹால். தண்ணீர் கலந்த திராட்சரசத்தை மனத்தில் கொண்டு எழுதிய வசனங்களை அதற்கு அப்படியே பொருத்தாதீர்கள். "நான் ஒன்றிற்கும் அடிமைப்படமாட்டேன்" என்றார் பவுல். வரம்பு எங்கே என்று தேடிக்கொண்டே இருப்பவர், ஒரு மாதம் முற்றிலும் விட்டுப் பார்க்க முடிகிறதா என்று தம்மையே கேட்டுக்கொள்ளட்டும்; தினமும் குடிப்பவரானால் முதலில் மருத்துவரைக் கேட்கட்டும்.

கேள்வி: குடியை விட்ட ஒருவர் திருவிருந்துக் கிண்ணத்தை வாங்கலாமா?

நான்கு ஆண்டுகளாகக் குடிக்காதிருந்த ஒருவர் என் பக்கத்தில் முழந்தாளிட்டிருந்தார். கிண்ணம் நெருங்கியதும், உதடு படுவதற்கு முன்பே, வாசனையில் அவர் கைவிரல்கள் நடுங்கின. அப்பத்தை மட்டும் வாங்கிக்கொண்டு எழுந்து போனார். அடுத்த முறை எல்லோருக்குமே புளிக்காத சாறு வைத்தோம். அவருக்கு மட்டும் தனிக் கிண்ணம் வைத்து அவரைக் காட்டிக்கொடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. புளித்த திராட்சரசமே வேண்டும் என்று கருதும் சபைகளிலும் அப்பத்தை மட்டும் பெறுவது போதுமானதாக ஏற்கப்படுவதுண்டு. போதகரிடம் முன்கூட்டியே பேசுங்கள். என் சுதந்திரத்தைவிட அந்த நடுங்கும் விரல்கள் எனக்குப் பெரியவை.

கேள்வி: ஐயா, "இயேசுவும் குடித்தார்" என்று சொல்லிக்கொண்டு என் கணவர் தினமும் குடிக்கிறார். நான் என்ன சொல்வது?

சகோதரி, வசனத்தைக் கொண்டு அவரோடு வாதிட வேண்டாம். அவர் போதையில் இருக்கும்போது எதுவுமே பேச வேண்டாம். காலையில், தெளிவாக இருக்கும் நேரத்தில், மருத்துவரிடம் போகலாம் என்று மட்டும் கேளுங்கள். நீண்ட காலம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் உயிராபத்தும் நேரலாம் என்பதால், ஜெபத்தோடு விட்டுவிடு என்று யாராவது சொன்னாலும் மருத்துவ மேற்பார்வை இல்லாமல் நிறுத்த விடாதீர்கள். அவர் உங்கள் மீது கைநீட்டுகிறார் என்றால், முதலில் நீங்களும் பிள்ளைகளும் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள். அப்படிப் போவது மன்னிக்க மறுப்பது ஆகாது.