முதலில் மின்விசிறியை அளந்து பாருங்கள்

கேள்வி: சென்னைப் புறநகரில் இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்குமாடி வீடு எங்களுடையது. பிள்ளைகளின் அறை 10-க்கு 10 அடி. மகளுக்கு 9 வயது, மகனுக்கு 4 வயது. இடம் மிச்சமாகும் என்று பங்க் பெட் வாங்க நினைக்கிறோம். மேலே நான்தான் படுப்பேன் என்று மகன் இப்போதே அடம்பிடிக்கிறான். கடையில் இரும்பில் ஒன்றும் ரப்பர் மரத்தில் ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறோம். எதை வாங்கலாம்? பிள்ளைகள் வளர்ந்த பிறகு இரண்டாகப் பிரித்துப் போட முடியுமா?

பதில்: இரும்பா மரமா என்பதைக் கடைசியில் பார்ப்போம். உங்கள் கடிதத்தில் அறையின் நீளமும் அகலமும் இருக்கின்றன, மின்விசிறியைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. நம் ஊரில் அடுக்குக் கட்டில் வாங்குகிறவர்கள் மறக்கும் முதல் விஷயம் அதுதான். நானும் மறந்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டில் சுவர், கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அளந்து கட்டில் செய்து இறக்கினேன். மேல் தட்டின் கடைசி போல்ட்டை முறுக்க ஏறிய ஆசாரி, பாதியில் அப்படியே குனிந்துகொண்டு, “ஐயா, முதலில் இந்த ஃபேனை நிறுத்துங்கள்” என்றார். அன்று கட்டிலை முடித்ததும் எலக்ட்ரீஷியனைத்தான் தேடிப் போனேன்.

உங்கள் அறைக்கே கணக்குப் போடுவோம். 10 அடி அறையின் நடுவில் தொங்கும் மின்விசிறி எந்தச் சுவரிலிருந்தும் 5 அடி தூரத்தில் இருக்கும். வீடுகளில் பெரும்பாலும் இருப்பது 1200 மில்லிமீட்டர் விசிறி, அதாவது இறக்கையின் நுனி மையத்திலிருந்து 2 அடி வரை வரும். ஆக, இறக்கை நுனிக்கும் சுவருக்கும் இடையே மிஞ்சுவது 3 அடி. 3 அடி அகல மெத்தை போடும் கட்டில், சட்டத்தோடு சேர்த்து 3 அடி 3 அங்குலமாவது இருக்கும். சுவரை ஒட்டிப் போட்டாலும் விசிறி கட்டிலின் விளிம்புக்கு மேலேதான் சுற்றும்.

உயரத்தையும் பாருங்கள். 9½ அடி உயர அறையில் இறக்கைகள் 8 அல்லது 8½ அடியில் சுழலும். மேல் கட்டிலில் மெத்தையின் மேற்பரப்பு ஏறத்தாழ 5 அடியில் வரும். இடையில் இருப்பது 3, 3½ அடி. உங்கள் மகள் எழுந்து நிற்கவே வேண்டாம், உட்கார்ந்தபடி கையைத் தூக்கிச் சோம்பல் முறித்தாலே போதும். தலையணையை வீசி விளையாடும் வயது வேறு.

சின்ன விசிறியாக மாற்றிவிடலாமே என்று கேட்பார்கள். 900 மில்லிமீட்டர் விசிறி போட்டால் அரை அடிதான் கூடுதலாகக் கிடைக்கும். அது குழந்தையின் கைக்கு எட்டும் தூரம்தான். கம்பியைக் குட்டையாக்கினால் காற்று குறையும், ஆபத்து அப்படியே இருக்கும். அந்த அறையில் கூரை விசிறியைக் கழற்றிவிட்டு, கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் சுவர் விசிறி பொருத்துவதே சரி. இரண்டு தட்டுகளுக்கும் காற்று போகும்படி முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். கீழ்க் கட்டிலில் படுப்பவருக்குக் கூரை விசிறியின் காற்று எப்படியும் சரியாக வராது, மேல் தட்டு மறைத்துவிடும். நீங்கள் மேல்தளத்தில் குடியிருந்தால் இன்னொன்றையும் யோசியுங்கள்: பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் கூரை இரவில்தான் அந்தச் சூட்டைக் கக்கும். மே மாதத்தில் மேல் கட்டில்காரர் தலையணையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்துவிடுவார்.

அடுத்தது, எந்தச் சுவர்? ஒரு சுவரில் கதவு. இன்னொன்றில் ஜன்னல். மேல் கட்டிலில் இருக்கும் குழந்தைக்குத் திரைச்சீலைக் கம்பியும் அதன் கயிறும் கைக்கெட்டும் தூரம், கழுத்தில் சுற்றிக்கொள்ளக்கூடிய கயிறு அங்கே தொங்கவே கூடாது. மூன்றாவது சுவரில் பெரும்பாலும் பரண் இருக்கும். 7 அடியில் பரண், 5 அடியில் மெத்தை என்றால் நடுவில் 2 அடி. தூக்கக் கலக்கத்தில் எழும் பிள்ளை நேராகக் கான்கிரீட்டில் முட்டும். மெத்தைக்கு மேலே 3 அடியாவது வெற்றிடம் வேண்டும். குழல் விளக்கு, ஏ.சி. இரண்டும் அந்த வெற்றிடத்துக்குள் வரக் கூடாது. இவற்றையெல்லாம் கழித்தால் நான்கில் ஒரு சுவர் மிஞ்சும். சில வீடுகளில் அதுவும் மிஞ்சாது. அப்படியானால் அந்த அறை பங்க் பெட்டுக்கு ஆனதல்ல, மற்றொரு கட்டிலுக்கு அடியிலிருந்து சக்கரத்தில் இழுத்துப் போடும் கட்டில் உங்களுக்குப் போதும்.

மகனின் அடத்துக்கு வருகிறேன். ரயிலில் மேல் பெர்த்துக்குப் போட்டி போடாத பிள்ளை உண்டா என்ன! ஆனால் 6 வயது முடியும் வரை அவன் மேலே படுக்கக் கூடாது. இது என் சொந்தக் கருத்து அல்ல. அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, 6 வயதுக்கு உட்பட்டவர்களை மேல் தட்டில் படுக்கவைக்காதீர்கள் என்ற எச்சரிக்கையைக் கட்டிலிலேயே ஒட்டியாக வேண்டும். சின்னக் குழந்தைக்கு ஏறத் தெரியும், அரைத் தூக்கத்தில் இறங்கத் தெரியாது. இரவில் அவன் கீழே படுத்தாலும் பகலில் ஏறுவான், அக்கா பள்ளிக்குப் போன நேரம் பார்த்து ஏறுவான். அதனால் இரண்டு ஆண்டுகளுக்காவது கழற்றி எடுத்து வைக்கக்கூடிய ஏணி இருக்கும் கட்டிலாகப் பாருங்கள். இழுப்பறைகளோடு படிக்கட்டு வைத்த கட்டில் அழகாக இருக்கிறது, சாமான் வைக்கவும் உதவும், பெரிய பிள்ளைகளுக்கு ஏணியைவிடப் பத்திரமும்கூட. ஆனால் 4 வயதுப் பையன் உள்ள வீட்டில் அது அவனுக்கு வைத்த அழைப்பிதழ். தவிர, நீளத்தில் ஒன்றரை அடிக்கு மேல் தின்றுவிடும்.

ஏணியைத் தேர்ந்தெடுக்கும்போது செருப்பைக் கழற்றிவிட்டு நீங்களே இரண்டு படி ஏறிப் பாருங்கள். உருண்டைக் கம்பி உள்ளங்காலை அறுக்கும், அந்த ஒரு காரணத்துக்காகவே பிள்ளைகள் கடைசிப் படியிலிருந்து குதிப்பார்கள். தட்டையான படி, கொஞ்சம் சாய்வு, மேலே பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி, இவை இருந்தால் போதும்.

இனி கடையில் செய்ய வேண்டியது. அளவு டேப்போடு, 9 சென்டிமீட்டர் அகலத்துக்குப் பெட்டி போல மடித்து ஒட்டிய ஓர் அட்டைத் துண்டையும் எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பார்க்கட்டும். மேல் தட்டின் தடுப்புக் கம்பிகளுக்கு இடையிலும், கம்பிக்கும் மெத்தைப் பலகைக்கும் இடையிலும் அந்த அட்டையை நுழைத்துப் பாருங்கள். தாராளமாக நுழைந்தால் அந்தக் கட்டில் வேண்டாம். குழந்தையின் உடல் கால் பக்கமாக அந்தச் சந்தில் வழுக்கி இறங்கிவிடும், தலை மட்டும் வெளியே வராது. பிறகு முழு எடையும் கழுத்தில் தொங்கும். அமெரிக்க விதி 3½ அங்குலத்துக்கு (ஏறத்தாழ 9 சென்டிமீட்டர்) மேல் சந்து கூடாது என்று சொல்வது இதற்காகத்தான். நம் நாட்டிலும் அடுக்குக் கட்டிலுக்கென்றே ஐ.எஸ். 17636 என்ற தரநிலை இருக்கிறது. அந்த எண்ணைச் சொல்லி விற்பனையாளரிடம் கேளுங்கள். பதில் தெரியாமல் விழித்தால், அட்டைத் துண்டை நம்புங்கள்.

தடுப்பு இரண்டு பக்கமும் வேண்டும், சுவர்ப் பக்கமும்தான். “சுவரை ஒட்டித்தானே போடப் போகிறீர்கள்” என்பார்கள். தரையோரம் பதித்திருக்கும் ஸ்கர்ட்டிங் டைல்ஸே கட்டிலைச் சுவரோடு ஒட்டவிடாது, நாளடைவில் கட்டிலும் மெல்ல நகரும். அந்த இடைவெளியில் பிள்ளை செருகிக்கொண்டால் இருட்டில் யாருக்கும் தெரியாது.

கடைகள் சறுக்கவைக்கும் இன்னோர் இடம் மெத்தை. தடுப்பின் மேல்விளிம்பு மெத்தைக்கு மேலே குறைந்தது 5 அங்குலம் நிற்க வேண்டும். பலகையிலிருந்து 10 அங்குலம் உயர்ந்த தடுப்புக்கு 4 அங்குல மெத்தை போட்டால் 6 அங்குலம் மிஞ்சுகிறது, நல்லது. “கட்டிலோடு 8 அங்குல மெத்தை இலவசம்” என்று கொடுத்தால் மிஞ்சுவது 2 அங்குலம். அப்புறம் அது தடுப்பே அல்ல. இலவச மெத்தையைக் கீழே போட்டுக்கொள்ளுங்கள், மேலே 4 அங்குலத் தேங்காய்நார் மெத்தை போதும்.

கீழ்க் கட்டிலில் நீங்கள் உட்கார்ந்து பாருங்கள். மகனுக்குக் கதை சொல்லித் தூங்கவைக்கப் போவது நீங்கள்தான், தலை இடித்தால் ஒரு வாரத்தில் அலுத்துப்போகும். அப்படியே படுத்து, மேல் தட்டின் அடிப்பலகையைக் காலால் மெல்ல உந்துங்கள். பலகைகள் திருகாணி போட்டுப் பூட்டாமல் வெறுமனே வைக்கப்பட்டிருந்தால் தூக்கிக்கொள்ளும். கீழே இருக்கும் பிள்ளை உதைப்பான், ஒருநாள் பலகை நழுவும், அக்கா தம்பியின் மேல் வந்து விழுவாள்.

இப்போது இரும்பா, மரமா. இரும்பு விலை குறைவு, கறையான் தொடாது. குழாயின் கேஜ் எண்ணைக் கேளுங்கள். எண் கூடக் கூடத் தகடு மெலியும், 16 கேஜ் 18-ஐவிடத் தடிமன். மேல் தட்டைப் பிடித்து ஆட்டினால் கிரீச்சென்று சத்தம் வரும் கட்டில், வீட்டில் ஒவ்வோர் இரவும் அதே சத்தத்தைப் போடும். ரப்பர் மரம் நல்ல மரம்தான். பக்குவப்படுத்தாவிட்டால் பூச்சி அரிக்கும் என்பதால் அதைப் பற்றி மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கட்டாயம் வேண்டாம் என்பது மரத்தூள் பலகையை. தண்ணீர் பட்டால் உப்பும், திருகாணி ஒருமுறை தளர்ந்தால் மறுபடி பிடிக்காது. உங்கள் நிலையில் நான் இருந்தால் ரப்பர் மரத்தை எடுப்பேன், அதுவும் போல்ட்டும் நட்டும் போட்டு இறுக்குகிற வகையை. பொருத்திய ஒரு மாதத்தில் எல்லாவற்றையும் மீண்டும் ஒருமுறை முறுக்க வேண்டும், ‘எல்’ சாவியை இழுப்பறையில் பத்திரப்படுத்துங்கள்.

பிரித்துப் போட முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். எல்லாக் கட்டிலையும் முடியாது. சிலவற்றில் மேல் தட்டின் கால்கள் தரைவரை ஒரே துண்டாக இருக்கும். பிரிக்கக்கூடிய வகையில் ஒவ்வொரு காலிலும் ஒரு முளை, மேல் கால் கீழ்க் காலின் தலையில் அந்த முளையில்தான் உட்காரும். நான்கும் இரும்பு முளைகளா, ஆழமாக இறங்குகின்றனவா என்று பாருங்கள். பிரித்த பிறகு மேல் கட்டிலுக்குத் தரையில் நிற்கத் தனிக் கால் வேண்டுமா, தடுப்பைக் கழற்ற முடியுமா என்பதையும் கேளுங்கள். பில் போடுவதற்கு முன் கடைக்காரரை ஒருமுறை பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.